பெட்டியடியும் பட்டப்படிப்பும்

(மூன்றாம் ஆண்டு வணிகவியல் மாணவர் ஒருவர்)

பட்டம் பெற்று வேலை தேடிச் செல்லும் இளைஞனைப் பார்த்து நம் கடைத்தெருவில் முதலில் கேட்கப்படும் வினா, “தம்பிக்கு முன் அனுபவம் உண்டா?” என்பதாகும். இல்லை என்று சொன்னால், “போய் ரெண்டு வருஷம் எங்காவது பார்த்துட்டு வாங்க” என்று மறுமொழி வரும். அந்த ‘எங்காவது’ எங்கே இருக்கிறது என்பதை மட்டும் எவரும் சொல்வதில்லை. பைத்தியம் தெளிந்தால்தான் கலியாணம், கலியாணம் ஆனால்தான் பைத்தியம் தெளியும் என்ற கதையாக, வேலை கிடைத்தால்தான் அனுபவம், அனுபவம் இருந்தால்தான் வேலை என்று நம் பட்டதாரிகள் அலைகின்றனர்.

இதற்குக் கல்லூரியைக் குறை சொல்வாரும் உண்டு. மாணவனைக் குறை சொல்வாரும் உண்டு. அவ்விரு வழக்குகளையும் ஒதுக்கி வைத்துவிட்டு, ஒரே ஒரு வினாவை மட்டும் இங்கே எடுத்துக்கொள்ள விரும்புகிறேன். பணியிடத்தில் அன்றாடம் எழும் சிக்கல்களைத் தீர்க்கும் திறனை ஒருவருக்குக் கற்பிக்க இயலுமா? அது பிறவியில் வருவதா, பட்டுத் தெளிவதா, அல்லது பாடமாகவே சொல்லித் தரக் கூடியதா? சொல்லித் தரக் கூடியதே என்பது என் கருத்து. அதற்குச் சான்று தேடிக் கடல் கடந்து போக வேண்டியதில்லை. கடல் கடந்து போன நம் ஊர்க்காரர்களே சான்று.

அன்றாடச் சிக்கல் என்று நான் சொல்வது பெரிய ஆலையை எங்கே நிறுவலாம் என்பது போன்ற பெரும் வினாக்களை அன்று. ஐம்பது மூட்டை வர வேண்டிய இடத்தில் நாற்பத்தேழு வந்திருக்கிறது, லாரிக்காரர் அவசரப்படுத்துகிறார், முதலாளி ஊரில் இல்லை. இறக்குவதா, திருப்புவதா? மாலையில் கல்லாவை எண்ணினால் முந்நூறு ரூபாய் குறைகிறது. உடன் வேலை பார்ப்பவர் மீது ஐயம் எழுகிறது. முதலில் செய்ய வேண்டியது என்ன? இருபது ஆண்டுப் பழக்கமுள்ள வாடிக்கையாளர் கொடுத்த காசோலை பணமின்றித் திரும்பிவிட்டது. அவர் முகம் கோணாமல், நம் உரிமையும் போகாமல் எப்படிப் பேசுவது?

இந்த மூன்றாவது சிக்கலுக்குரிய சட்டத்தை நாம் படிக்காமல் இல்லை. 1881ஆம் ஆண்டின் மாற்றுமுறை ஆவணச் சட்டம் நம் பாடத்தில் இருக்கிறது. காசோலை திரும்பிய தகவல் வங்கியிலிருந்து கிடைத்த 30 நாட்களுக்குள் எழுத்து மூலம் அறிவிப்பு அனுப்ப வேண்டும் என்று மனப்பாடம் செய்கிறோம், மதிப்பெண்ணும் வாங்குகிறோம். ஆனால், ‘இதோ தாள், அந்த அறிவிப்பை எழுது’ என்று ஒருவர் சொன்னால் வகுப்பில் பாதிப்பேர் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு கூரையைப் பார்ப்பார்கள். அறிவு இல்லாமை இதற்குக் காரணம் அன்று. அறிவைக் கைக்குக் கொண்டுவரும் பழக்கம் இல்லாமையே காரணம்.

அந்தப் பழக்கத்தைத்தான் நாட்டுக்கோட்டை நகரத்தாரின் வட்டிக்கடை தன் பிள்ளைகளுக்குப் பழக்கிற்று. பர்மா, இலங்கை, மலேயா என்று அவர்கள் தொழிலுக்குப் போனதைக் ‘கொண்டுவிற்கப் போவது’ என்று இவ்வூர்ப் பெரியவர்கள் சொல்வர். 1929-30இல் ஆராய்ந்த பர்மா மாகாண வங்கி விசாரணைக் குழு, அந்நாட்டில் மட்டும் நகரத்தார் கடைகள் ஏறத்தாழ 1,650 இருந்ததாகவும், அவை கொடுத்திருந்த கடன் ஏறத்தாழ 75 கோடி ரூபாய் என்றும் மதிப்பிட்டது. இத்தனை கடைகளை நடத்திய ஏஜெண்டுகள் எந்த வணிகக் கல்லூரியில் படித்தார்கள்? எதிலும் படிக்கவில்லை. ஆனால் படிக்காமலும் போகவில்லை. திண்ணைப் பள்ளியில் எண்சுவடியை ஒப்பித்துவிட்டு, மீசை முளைக்கும் முன்பே கடைக்கு அனுப்பப்பட்டார்கள். முதல் படி பெட்டியடிப் பையன். அடுத்த படி அடுத்தாள். அதற்கும் மேலே மேலாள். அந்த மேலாளே ஏஜெண்டு. பெரும்பாலும் மூன்றாண்டு உடன்படிக்கை. அதற்குச் சம்பளச் சீட்டு என்று பெயர். வசதியுள்ள வீட்டுப் பிள்ளையையும் பிறர் கடையில் பழக விடுவது வழக்கமாக இருந்தது. சொந்தக் கடையில் முதலாளி மகனைத் திருத்த யாருக்குத் துணிவு வரும்?

பெட்டியடிப் பையன் என்றால் கைப்பெட்டியின் அருகே உட்காருபவன். சிங்கப்பூரின் மார்க்கெட் தெருவிலும் பினாங்கிலும் இருந்த கிட்டங்கிகளை எண்ணிப் பாருங்கள். நீண்ட ஒரே கூடம். தரையில் வரிசையாகச் சிறு சிறு பெட்டிகள். ஒவ்வொரு பெட்டிக்குப் பின்னும் ஒரு கடை. சுவர் இல்லை. ஆகையால் தன் மேலாள் கடன்காரரிடம் பேசுவது மட்டுமன்றி, பக்கத்துப் பெட்டிக்காரர் பேசுவதும் அந்தப் பையன் காதில் விழுந்தது. ஒருவர் அதட்டி வசூலித்தார். ஒருவர் வெற்றிலை கொடுத்து வசூலித்தார். ஒருவர் தவணை கொடுத்து ஏமாந்தார். எது எப்போது பலித்தது என்பதை நாள்தோறும் பார்த்தான். நாம் இன்று ‘குழு விவாதம்’ என்று அட்டவணை போட்டு நடத்துகிறோமே, அது அங்கே காற்றில் கலந்திருந்தது.

கணக்கும் அப்படித்தான் வந்தது. ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். அசல் 5,000 ரூபாய். வட்டி மாதம் நூற்றுக்கு ஒரு ரூபாய் இரண்டணா. காலம் ஏழு மாதம் பத்து நாள். நாம் கைபேசியைத் தட்டுவோம். பழைய வழி வேறு. நூற்றுக்கு ஒன்று வீதம் ஐயாயிரத்துக்கு 50. இரண்டணா என்பது ரூபாயில் அரைக்கால். ஐம்பதில் அரைக்கால் ஆறே கால். ஆக, மாதம் 56 ரூபாய் 4 அணா. ஏழு மாதத்திற்கு 393 ரூபாய் 12 அணா. பத்து நாள் மாதத்தில் மூன்றில் ஒன்று. அது 18 ரூபாய் 12 அணா. மொத்தம் 412 ரூபாய் 8 அணா. அரைக்கால், வீசம், மா, காணி என்று தொடங்கி 320இல் ஒரு பங்காகிய முந்திரி வரை எண்சுவடியில் மனப்பாடம் செய்தது இதற்காகத்தான். வியப்பு இந்த மனக்கணக்கில் இல்லை. இக்கணக்குக்கு எதிரே ஓர் ஆள் உட்கார்ந்திருக்கிறார் என்பதில்தான் இருக்கிறது. அவர் முழுவதும் தருவாரா, பாதி தருவாரா, எட்டணாவைத் தள்ளச் சொல்வாரா, தள்ளினால் அடுத்த மாதமும் கேட்பாரா? விடை கிடைத்த இடத்தில் நம் கணக்கு முடிந்துவிடுகிறது. பெட்டியடியில் அந்த இடத்தில்தான் வேலை தொடங்குகிறது.

இன்னொன்றும் உண்டு. நம் கவனத்திற்கு மிகவும் உரியது அதுதான் என்று நினைக்கிறேன். ஏஜெண்டு எடுத்த முடிவுகளை ஊரில் இருக்கும் முதலாளிக்கு எழுத வேண்டும். குறிப்பும் பேரேடும் ஐந்தொகையும் தொகையைச் சொல்லும்; கடிதம் காரணத்தைச் சொல்ல வேண்டும். இன்னாருக்கு மேலும் ஆறு மாதம் தவணை கொடுத்தேன் என்றால், ஏன் கொடுத்தாய் என்ற கேள்வி பின்னாலேயே வரும். விளைச்சல் எப்படி, பக்கத்து வயல்காரருக்கு எவ்வளவு கண்டது, வேறு யாரிடம் கடன் இருக்கிறது, ஆள் வீட்டில் இருக்கும்போதே இல்லை என்று சொல்லி அனுப்புகிறாரா? கண்ணால் பார்த்தது எது, காதால் கேட்டது எது என்று பிரித்து எழுதாத கடிதத்திற்கு மதிப்பில்லை. முடிவு செய், செய்ததற்குக் காரணம் எழுது, எழுதியதற்குப் பொறுப்பேற்றுக்கொள். இதைவிடச் சிறந்த பாடத்திட்டத்தை எந்தப் பல்கலைக்கழகக் குழு வகுத்துவிடும்?

வட்டி வீதத்தைக் கூட அவர்கள் தனித்தனியே ஊகித்துக்கொண்டிருக்கவில்லை. இரங்கூன் மொகல் தெருவிலிருந்த கோயிலில் தமிழ் மாதந்தோறும் கூடி, அம்மாதத்திற்குரிய நடப்பு வட்டியை முடிவு செய்தார்கள். கூடிப் பேசித் தீர்ப்பதும் அந்தக் கல்வியில் ஒரு பகுதி.

இவ்வளவையும் புகழ்ந்துவிட்டு இங்கேயே நிறுத்தினால், ‘பழம்பெருமை பேசுகிறான்’ என்று நீங்கள் சொல்வீர்கள். சொல்ல வேண்டும். ஏனெனில் அந்தக் கிட்டங்கிக் கூடத்திற்குள் சுவர் இல்லையே தவிர, வெளியே பெரிய சுவர் இருந்தது. அந்தக் கல்வி ஒரு சமூகத்தின் ஆண்பிள்ளைகளுக்கு உரியதாக இருந்தது. வீட்டில் வரவுசெலவைப் பார்த்து, தம் பெயரில் இருந்த பணத்திற்கு வட்டிக் கணக்கு அறிந்து நடத்திய ஆச்சிமார்கள் கூடப் பெட்டியடியில் உட்கார்ந்ததில்லை. கடைக்குச் சமைத்துப் போட்டவரின் மகனோ, ஊரில் அவர்கள் நிலத்தை உழுதவரின் மகனோ பேரேட்டைத் தொட்டதில்லை. தொழிற்கல்வி என்ற பெயரில் பிறப்புக்குத் தக்க வேலையைக் கற்பிப்பது எவ்வளவு பெரிய தீங்கு என்பதைத் தமிழகம் 1953இல் நன்றாகவே உணர்ந்தது. அரை நாள் பள்ளி, மீதி நேரம் தகப்பன் தொழில் என்று இராஜாஜி கொண்டுவந்த தொடக்கக் கல்வித் திட்டத்தைக் ‘குலக்கல்வித் திட்டம்’ என்று மக்கள் எதிர்த்தார்கள். 1954இல் காமராசர் முதலமைச்சரானதும் அது கைவிடப்பட்டது. அந்தத் திட்டம் கைவிடப்பட்டதால்தான் நம்மில் பலர் இன்று இந்த மரத்தடியில் உட்கார்ந்திருக்கிறோம்.

ஆனால் ஒரு செய்தியை எண்ணிப் பார்க்க வேண்டும். குலக்கல்வி வேண்டாம் என்றோம், சரி. கை வேலையும் கடை வேலையும் கற்பிக்காத கல்வியே போதும் என்று சொல்லிவிட்டோமா? அப்படிச் சொல்லவில்லை. கேட்டது, எல்லாக் கல்வியும் எல்லார்க்கும் வேண்டும் என்பதுதான். அதில் ஏட்டுக் கல்வி கிடைத்துவிட்டது. பெட்டியடிக் கல்வி கிடைக்கவில்லை. வணிகர் வீட்டுப் பிள்ளைக்கு அது இன்றும் சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னாலேயே கிடைக்கிறது. அப்பா தொலைபேசியில் சரக்குக்காரரோடு மல்லுக்கட்டுவதைக் கேட்டுக்கொண்டே வளர்கிறான். வேலைக்குச் சொல்லிவிட ஒரு மாமன் இருக்கிறார். கல்லலிலிருந்தும் இளையான்குடிப் பக்கமிருந்தும் பேருந்தேறி வருகிற முதல் தலைமுறைப் பட்டதாரிக்கு அந்த மாமன் யார்? அரசு கலைக் கல்லூரிதான் அவனுக்கு மாமன். அது கைவிட்டால் வேறு ஆள் இல்லை.

பழைய முறையின் மற்றொரு குறையையும் சொல்லத்தான் வேண்டும். பெட்டியடி, நேற்று நடந்ததை வைத்து இன்று நடப்பதைத் தீர்க்கக் கற்றுக் கொடுத்தது. ஒரு குடியானவர் தவணை தவறினால் என்ன செய்வது என்று ஒவ்வொரு ஏஜெண்டுக்கும் தெரியும். நாடே தவணை தவறினால்? 1930க்குப் பின் உலக மந்தத்தில் நெல் விலை சரிந்தபோது அதுதான் நேர்ந்தது. கீழ்ப் பர்மாவின் 13 முக்கிய நெல் மாவட்டங்களில் 1930இல் ஏறத்தாழ 6 விழுக்காட்டு நிலம் நகரத்தார் கையில் இருந்தது. 1938இல் அது ஏறத்தாழ 25 விழுக்காடு ஆயிற்று. அது அவர்கள் தேடிப்போய் வாங்கிய நிலம் அன்று. திரும்பி வராத கடனுக்கு ஈடாக வந்து சேர்ந்த நிலம். ஒவ்வொரு கடையும் தனக்குத் தெரிந்த வழியில் சரியாகவே நடந்துகொண்டது. எல்லாம் சேர்ந்து நிலத்தை இழந்த பர்மியக் குடியானவரின் கோபமாகத் திரும்பிற்று. 1942இல் ஜப்பானியர் படையெடுப்பின்போது பலர் காடும் மலையும் கடந்து ஊர் திரும்பினர். போருக்குப் பின் பர்மா விடுதலை பெற்று நிலச் சட்டங்கள் வந்தபோது அந்த நிலங்களும் போயின. நம் பொருளாதாரத் துறைப் பேராசிரியர்கள் மகிழக் கூடிய இடம் இதுவே. விலை ஏன் சரிகிறது, சரிந்தால் கடன் என்ன ஆகும், ஊர் என்ன நினைக்கும் என்பதெல்லாம் பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கற்கக் கூடியவை அல்ல. அவற்றுக்கு வகுப்பறை வேண்டும். ஆகவே கல்லூரியைக் கடையாக்கு என்று நான் சொல்லவில்லை. கடைக்கு இல்லாத கண் கல்லூரிக்கு உண்டு. கல்லூரிக்கு இல்லாத கை கடைக்கு உண்டு.

மற்றப் படிப்புகளில் இந்த இணைப்பு எப்போதோ வந்துவிட்டது. மருத்துவம் படித்தவர் பயிற்சி மருத்துவராக இருந்த பிறகே மருத்துவர். ஆசிரியப் பயிற்சியில் வகுப்பெடுத்துக் காட்ட வேண்டும். அமெரிக்காவின் சின்சினாட்டிப் பல்கலைக்கழகத்தில் ஹெர்மன் ஷ்னைடர் என்பவர் 1906இலேயே பொறியியல் மாணவரை வகுப்புக்கும் தொழிற்சாலைக்கும் மாறி மாறி அனுப்பினார். கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் 1969 முதல் மருத்துவ மாணவருக்கு முதலில் நோயாளியின் சிக்கலைக் கொடுத்து, அதைத் தீர்ப்பதற்காகப் பாடத்தைத் தேடிப் படிக்க வைத்தார்கள். நம் நாட்டில் 1961ஆம் ஆண்டின் தொழில் பழகுநர் சட்டம், 2014இல் திருத்தப்பட்ட பின் பொறியியல் அல்லாத பட்டதாரிகளுக்கும் கதவைத் திறந்திருக்கிறது. தமிழக அரசு 2022 மார்ச் 1ஆம் நாள் ‘நான் முதல்வன்’ திட்டத்தைத் தொடங்கிற்று. நோக்கம் நல்லது; மறுப்பதற்கில்லை. ஆயினும் திரையில் ஓடும் பாடத்தைப் பார்த்து முடித்துச் சான்றிதழ் பெறுவதாலேயே ஒருவர்க்கு நாற்பத்தேழு மூட்டைச் சிக்கல் தீர்ந்துவிடாது. திரைக்கு நம் முகம் தெரியாது. நாம் திணறினால் அதற்குத் தெரியாது.

‘இன்டர்ன்ஷிப்’ என்று ஒன்று நடக்கிறதே என்பீர்கள். தோழர் ஒருவர் சென்ற ஆண்டு ஒரு நிறுவனத்தில் பதினைந்து நாள் இருந்து வந்தார். நகலெடுக்கும் இயந்திரத்தின் அருகில் நின்றதும் தேநீர் வாங்கி வந்ததும் போக மீதி நேரம் கைபேசியே துணை. வரும்போது கொடுத்த சான்றிதழில், ‘நிதிப் பகுப்பாய்வில் சிறந்த திறன் காட்டினார்’ என்று அச்சிட்டிருந்தது! பெட்டியடிப் பையனும் எடுபிடி வேலை செய்தவன்தான். ஆனால் அவனுக்குச் சம்பளச் சீட்டு இருந்தது. அடுத்த படி எது என்று தெரியும். அவன் கற்றுக்கொள்ளாவிட்டால் நட்டம் மேலாளுக்கு. நம் தோழர் கற்றுக்கொள்ளாததால் யாருக்கும் ஒரு காசு நட்டமில்லை. கற்பிப்பவனுக்கு நட்டமில்லாத இடத்தில் கற்பித்தல் நடக்காது என்பதை நான் உறுதியாக நம்புகிறேன்.

அப்படியானால் வகுப்பில் எப்படிக் கற்பிப்பது? ஒரு சிக்கலை எடுத்து நடத்திக் காட்டுகிறேன். ஆத்தங்குடிக் கற்களை எல்லாரும் அறிவோம். கண்ணாடித் தகட்டின் மேல் சட்டத்தை வைத்து, அதற்குள் பூ அச்சைப் பொருத்தி, வண்ணம் கலந்த சிமெண்டுக் குழம்பைக் கரண்டியால் ஊற்றி, அச்சை எடுத்துவிட்டு, மேலே உலர்ந்த கலவையைத் தூவி, அதற்கும் மேலே சாந்து வைத்து அழுத்தி, பிறகு தண்ணீர்த் தொட்டியில் ஊறப் போடுகிறார்கள். சூளை கிடையாது. வண்ணத்தைக் கலப்பது கை. அளப்பது பெரும்பாலும் கண். சென்னையில் வீடு கட்டும் ஒருவர் 1,200 கல் கேட்டு, முக்கால் பங்குப் பணமும் கொடுத்துவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். போகும் வழியில் எண்பது கல் உடைந்துவிட்டது. மறுபடி எண்பது செய்து அனுப்பினால் சிவப்பு ஒரு சாயல் கூடிவிட்டது. ‘என் கூடத்தில் ஒட்டுப் போட்ட வேட்டி மாதிரி இருக்கிறது’ என்று அவர் மீதிப் பணத்தை நிறுத்திவிட்டார். பட்டறைக்காரர் என்ன செய்ய வேண்டும்?

வணிகவியல் மாணவர் எழுந்து, 1930ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டத்தில் மாதிரி காட்டி விற்பது பற்றிச் சொல்வார். உடைந்ததற்குப் பொறுப்பு லாரிக்கா, பட்டறைக்கா, வாங்கியவருக்கா என்று கேட்பார். வேதியியல் மாணவர், சாயம் எவ்வளவு என்பதோடு மணலின் நிறம், சிமெண்டு, தண்ணீர், உலரும் நாள் எல்லாம் சாயலை மாற்றும் என்பார். கண்ணால் அளந்ததைத் தராசால் அளந்து எழுதி வைக்கச் சொல்வார். பொருளாதார மாணவர் ஒருவர், முதல் கலவையிலேயே நூற்றுக்கு ஐந்து கல் கூடுதலாகச் செய்து அனுப்பியிருந்தால் அந்தச் செலவு எவ்வளவு, இப்போது நின்றுபோன பணம் எவ்வளவு என்று கரும்பலகையில் போட்டுக் காட்டுவார். தமிழ் மாணவருக்கு வேலை இல்லையா? ‘கையால் செய்யப்படுவதால் கலவைக்குக் கலவை சிறு சாயல் வேறுபாடு இருக்கும்’ என்று மனம் நோகாத ஒரு வாக்கியத்தை, விற்பதற்கு முன்பே விலைப்பட்டியலில் எழுதிக் கொடுப்பவர் அவரே. விற்ற பின் சொன்னால் அது சாக்கு. விற்கும் முன் சொன்னால் அது நாணயம்.

ஆயினும் இவையெல்லாம் அடுத்த முறைக்கு. இந்த முறைக்கு என்ன? இங்கேதான் பட்டறைக்காரரை வகுப்புக்கு அழைத்து வந்து பேச வைக்க வேண்டும். ‘சாயல் மாறிய எண்பதையும் கூடத்து நடுவில் பதிக்காதீர்கள், எடுத்து ஓர் அறைக்கு மொத்தமாகப் போடுங்கள், அந்த அறைக்குரிய பழைய கல்லைக் கூடத்துக்குக் கொண்டுவாருங்கள்’ என்று அவர் ஒரே வரியில் முடித்துவிடக் கூடும். சட்டமும் வேதியியலும் பொருளாதாரமும் பேசிக் களைத்த நமக்கு அது தோன்றியிராது. அதே போல, கூடுதல் ஐந்து கல்லின் கணக்கு அவருக்குத் தோன்றியிராது. இருவரும் ஒரு மணி நேரம் ஒரே அறையில் இருந்தால் இருவருக்கும் இலாபம்.

இதற்கு இரண்டு மறுப்புகள் வரும் என்பதை அறிவேன். பாடத்திட்டத்தை முடிக்கவே நேரம் இல்லை என்பது ஒன்று. வாரத்தில் ஒரு மணி நேரம் கேட்கிறேன். அதற்கும் அகமதிப்பீட்டில் ஐந்து மதிப்பெண் ஒதுக்கினால் மாணவர் வருவர் என்பதை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. மற்றொன்று சற்று உயர்வான மறுப்பு: ‘கல்லூரி மனிதனை உருவாக்கும் இடம், கணக்குப்பிள்ளையை உருவாக்கும் இடமன்று.’ இலக்கியம் கற்பிக்கும் ஆசிரியப் பெருமக்கள் சிலர் இதனை உண்மையான வருத்தத்தோடு சொல்வதைக் கேட்டிருக்கிறேன். அவர்கள் கற்பிக்கும் திருக்குறளிலேயே காலமறிதல், இடனறிதல், தெரிந்துதெளிதல், தெரிந்துவினையாடல் என்று வரிசையாக அதிகாரங்கள் இருக்கின்றன. அரசனுக்குச் சொன்னது மளிகைக் கடைக்குப் பொருந்தாதா? நம் ஊரில் 1947இல் கல்லூரி எழக் காரணமான அழகப்பச் செட்டியாரையே பாருங்கள். கோட்டையூரில் 1909இல் பிறந்த அவர், சென்னை மாநிலக் கல்லூரியில் ஆங்கில இலக்கியம் படித்து எம்.ஏ. பட்டம் பெற்றவர். பின்பு இலண்டனில் பாரிஸ்டர் படிப்பை முடித்ததோடு, அங்கே வங்கியொன்றில் பயிற்சியும் பெற்றவர். இலக்கியம் அவர் கையைக் கட்டவில்லை; வங்கிப் பயிற்சி அவர் மனத்தைச் சுருக்கவும் இல்லை. மத்திய மின்வேதியியல் ஆய்வு நிலையம் காரைக்குடிக்கு வருவதற்காக 300 ஏக்கர் நிலமும் 15 இலட்சம் ரூபாயும் கொடுத்தவர் அவர்.

அந்த ஆய்வு நிலையம் என்றதும் வேறொன்று நினைவுக்கு வருகிறது. மண்டபத்தில் அதற்கு ஒரு பிரிவு இருக்கிறது. உப்புக் காற்றில் இரும்பு எப்படித் துருப்பிடிக்கிறது, எதைப் பூசினால் தாங்குகிறது என்று அங்கே ஆராய்கிறார்கள். அரிமானம் பற்றி இரண்டு பக்கம் எழுதிப் பழகிய நம் வேதியியல் தோழர்கள் ஒரு நாள் அதைப் பார்த்து வந்தால், அந்த இரண்டு பக்கத்திற்கும் உயிர் வரும். வரலாற்றுத் துறையினருக்கு நம் மாவட்டத்திலேயே கீழடி இருக்கிறது.

வெளியிலிருந்து யாரை அழைப்பது என்பதிலும் ஒரு சொல். ‘வெற்றி உங்கள் கையில்’ என்று முழங்கிப் பொன்னாடை பெற்றுச் செல்லும் சொற்பொழிவாளர்கள் நமக்கு வேண்டாம். ஓய்வு பெற்ற வங்கி மேலாளர், கூட்டுறவுச் சங்கத்தில் கண்டாங்கிச் சேலைக்குக் கணக்கு எழுதுபவர், பேருந்து நிலையத்தருகே மருந்துக் கடை வைத்திருப்பவர், இவர்கள் போதும். மேடை போட வேண்டாம். ‘உங்கள் கடையில் சென்ற வாரம் நடந்த தொல்லை ஒன்றைச் சொல்லுங்கள், அதை எப்படித் தீர்த்தீர்கள் என்பதை மட்டும் கடைசி வரை சொல்லாதீர்கள்’ என்று கேட்டுக்கொண்டால் போதும்.

சிக்கல்களுக்கும் பஞ்சமில்லை. நம் வகுப்பில் மாலை நேரத்தில் வேலைக்குப் போகாதவர்களை எண்ணுவது எளிது. ஜவுளிக் கடை, உணவு விடுதி, கணினி மையம், பழம்பொருள் கடை என்று எல்லா இடத்திலும் நம்மவர் இருக்கின்றனர். இவர்கள் ஒவ்வொருவரும் இரவில் ஒரு சிக்கலோடு வீடு திரும்பிக் காலையில் அதை மறந்துவிட்டு வகுப்புக்கு வருகிறார்கள். துறைக்கு ஒரு நீள நோட்டு வாங்கி வைத்து, கடையின் பெயரும் ஆளின் பெயரும் இல்லாமல் அவரவர் கண்டதை எழுதச் சொல்லலாம். இடப் பக்கம் சிக்கல். வலப் பக்கம் வெறுமை. வகுப்பு பேசி முடித்த பின்பே வலப் பக்கம் நிரப்பப்பட வேண்டும். எடுத்த முடிவோடு அதற்குரிய காரணமும், எழுதியவர் கையெழுத்தும் இருக்க வேண்டும். இரங்கூனிலிருந்து வந்த கடிதங்கள் அப்படித்தான் இருந்தன.

எங்கள் வகுப்பில் நோட்டு வாங்கியாயிற்று. இதுவரை மூன்று பக்கம் நிரம்பியிருக்கிறது. முதலாவது, யு.பி.ஐ. மூலம் பணம் அனுப்பிவிட்டேன் என்று வாடிக்கையாளர் திரையைக் காட்டுகிறார். கடைக் கணக்கில் வரவில்லை. அவருக்குப் பின்னால் ஏழு பேர் நிற்கின்றனர். இரண்டாவது, விடுதியொன்றில் இரண்டு குடும்பத்திற்கு ஒரே அறை பதிவாகியிருக்கிறது. மூன்றாவது, பலகாரக் கடையில் வேலை பார்க்கும் தோழி எழுதியது: சிங்கப்பூருக்கு அனுப்பிய மணகோலப் பொட்டலம் ஒன்பது நாள் தாமதமாகப் போய்ச் சேர்ந்தது; வாங்கியவர் நமத்துப் போயிற்று என்று பணத்தைத் திரும்பக் கேட்கிறார்; அனுப்பிய நிறுவனம் பொறுப்பேற்க மறுக்கிறது; கடைக்கார ஆச்சிக்கு ஆங்கிலத்தில் மின்னஞ்சல் எழுதத் தெரியாது; மாலை ஆறு மணிக்குள் மறுமொழி போக வேண்டும். மூன்றுக்கும் வலப் பக்கம் இன்னும் வெறுமையாகவே இருக்கிறது. நோட்டு துறை அலமாரியின் மேல்தட்டில் இருக்கிறது. பிற துறைத் தோழர்களும் ஆசிரியர்களும் எடுத்து எழுதலாம்.